புள்ளி இல்லாத குடம்

ரொம்ப நாள் கழிச்சு ஒரு பதிவு. ஆபீஸ்ல ரிலீஸ், ரிலீஸ்னு உயிரை எடுத்துட்டாங்க மக்களே!

போன வாரம் வில்லியனூர் வீட்டுப் பரணை ஒழிச்சப்போ பாட்டியோட பித்தளைக் குடம் கிடைச்சுது. கழுத்துப் பக்கம் பாட்டி பேரு, கீழே ஊர்ப் பேரு. உளியால தட்டித் தட்டி வெட்டினது. 'விலலியனூர'. ஒரு புள்ளி கூட கிடையாது.

பத்து வயசுல, ஒரு விசேஷ வீட்டுல எல்லார் முன்னாடியும், "பாட்டி, உன் குடத்துல ஸ்பெல்லிங் மிஸ்டேக்!"னு கத்தினேன். எல்லாரும் சிரிச்சாங்க. பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. இரவல் போன பாத்திரம் திரும்பி வந்தா, விரலால தடவிப் பாத்துட்டு "நம்மளுதுதான்"னு சொல்லும். அன்னைக்கு அப்புறம் அந்தக் குடம் புழக்கத்துல இல்ல.

இத்தனை வருஷம் கழிச்சு அது ஏன் உறுத்துதுன்னா, 'தம்பிரான் வணக்கம்' நூலோட படங்களைப் பாத்தேன். 1578-ல கொல்லத்துல அண்டிரிக் அடிகளார் அச்சடிச்ச 16 பக்க ஜெபப் புத்தகம். ஹார்வர்டுல ஒரு பிரதி இருக்கு. முதல் வரியைப் படிக்கவே திணறிட்டேன். அதுலயும் புள்ளி இல்ல!

ஓலையில எழுத்தாணியால புள்ளி குத்தினா ஓலை பொத்துக்கும். அதனால விட்டுடுவாங்க, படிக்கிறவங்க தானா சேத்துப் படிச்சுக்குவாங்க. ஈய எழுத்துக்கு அந்தப் பயம் இல்ல. ஆனா ஜனங்க கண்ணுக்குப் பழகினது ஓலை எழுத்துதானே?

அந்தக் காலத்துல அச்செழுத்து செய்யறதும் லேசுப்பட்ட வேலை இல்ல. இரும்பு முனையில எழுத்தைத் திருப்பி வெட்டணும். அதைச் செம்புல அடிச்சுப் பள்ளம் எடுக்கணும். அப்புறம்தான் ஈயத்தை உருக்கி ஊத்தறது. ஒரு கீறல் பிசகினா திரும்ப முதல்லேர்ந்து. கண்ட்ரோல் இசட் எல்லாம் கிடையாது :-)

எங்க பக்கத்து பாகூர்ல கிடைச்ச 9-ஆம் நூற்றாண்டுப் பல்லவர் செப்பேடும் உளி பிடிச்ச கையோட வேலைதான். பாத்திரக் கடை வாசல்ல உக்காந்து பேர் வெட்டினவரும் அந்த வரிசைதான். அவர் தப்பு பண்ணல. இன்ஜினியரிங் படிச்சும் எனக்குத்தான் படிக்கத் தெரியல.

எக்ஸ்சேஞ்சுல போட்டுடலாம்னு அம்மா சொன்னாங்க. மாட்டேன்னுட்டேன். புளி போட்டுத் தேச்சேன். ராத்திரி கண்ணை மூடிக்கிட்டு அந்த எழுத்தைத் தடவிப் பாத்தேன்.

எனக்கு ஒண்ணும் பிடிபடல. பாட்டிக்குப் பிடிபட்டிருக்கும்.