சுமை வண்டியோடு எட்டு நாள்

நெடுஞ்சாலையில் நம் பேருந்துக்கு முன்னால் ஒரு லாரி ஊர்ந்து சென்றால் முகம் சுளிக்கிறோம். ஓரமாக நின்றுவிட்ட லாரியைக் கண்டால், போக்குவரத்துக்கு இடையூறு என்று முணுமுணுக்கிறோம். நம் வீட்டு அரிசியும் பருப்பும் வெங்காயமும் அவ்வாறுதான் ஊர்ந்தும் நின்றும் நம்மை வந்தடைகின்றன என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. லாரிக்குள் அமர்ந்து பல நாள் பயணம் செய்தவருக்கோ சாலை வேறு விதமாகத் தோன்றும். அத்தகைய பயணம் ஒன்று எனக்கும் வாய்த்தது.

2001 ஜனவரி 26, குடியரசு நாளன்று காலை 8.46 மணிக்குக் குஜராத்தின் கச்சுப் பகுதி குலுங்கியது. 7.7 அளவுடைய அந்த நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். பல லட்சம் பேர் வீடிழந்தனர். அப்போது நான் உதவிப் பங்குத்தந்தையாக இருந்த ஊரில் மக்கள் சாதி, சமய வேறுபாடின்றி அரிசியும் கம்பளியும் தார்ப்பாயும் வாளிகளும் கொண்டுவந்து குவித்தனர். நாமக்கல்லிலிருந்து ஒரு லாரி அமர்த்தப்பட்டது. பொருள்களோடு உடன் செல்லும் பொறுப்பு, இளைஞன் என்பதால் எனக்கு அளிக்கப்பட்டது. ஓட்டுநர் ஐம்பது வயதைக் கடந்தவர். அவருக்குத் துணையாக ஒரு கிளீனர் தம்பி. 2,000 கி.மீ.க்கு மேற்பட்ட வழி. “அஞ்சு நாள்ல சேந்துடலாம் சாமி” என்றார் ஓட்டுநர்.

தொப்பூர்க் கணவாயை ஏறி, ஓசூர், பெங்களூர், தும்கூர் வழியே முதல் இரு நாள்கள் குறையின்றிக் கழிந்தன. இன்றைய நான்கு வழிச் சாலை அப்போது இல்லை. பெரும்பகுதி இருவழிச் சாலையே. சித்திரதுர்க்கத்தின் பாறைக் குன்றுகளைக் கடந்த சிறிது நேரத்தில் துப்பாக்கி வெடித்தாற்போல ஓர் ஓசை. பின்புற இரட்டைச் சக்கரங்களுக்கிடையே சிக்கிய கல், உட்பக்க டயரைக் கிழித்துவிட்டது. உள் டயரை மாற்ற வேண்டுமாயின் வெளிச் சக்கரத்தையும் கழற்ற வேண்டும். வைத்த ஜாக்கியோ, சுமையின் கனத்தால் புழுதி மண்ணுக்குள் புதைந்தது. பலகையைத் தேடி அடியில் வைத்து வண்டியைத் தூக்கி முடிக்க மூன்று மணி நேரமாயிற்று.

மறுநாள் இரவு கராடுக்கு அருகே இயந்திரம் விக்கி விக்கி நின்றது. டீசல் குழாயின் இணைப்பு தளர்ந்து உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது. டார்ச் விளக்கை நான் பிடித்துக்கொள்ள, கிளீனர் தம்பி வடிகட்டியின் மேலிருந்த திருகைத் தளர்த்தினான். ஓட்டுநர் கைப்பம்பை அழுத்தத் தொடங்கினார். நுரை நுரையாக டீசல் வந்தது. குமிழி முற்றும் நிற்கும்வரை அழுத்த வேண்டும். அவசரப்பட்டுத் திருகை முடுக்கினால் மீண்டும் நின்றுவிடும் என்றார். அந்தக் குளிரில் அவர் நெற்றி வியர்த்திருந்தது.

மாநில எல்லை ஒன்றிலிருந்த சோதனைச் சாவடியில் ஒரு பகலும் ஓர் இரவும் போயின. இலவச நிவாரணப் பொருள் என்பதற்கான கடிதம் எங்களிடம் இருந்தது. அது குறிப்பிட்ட படிவத்தில் இல்லை என்றார்கள். படிவம் தரும் அலுவலர் மறுநாள்தான் வருவார் என்றார்கள். எங்களுக்கு முன்னும் பின்னும் வரிசையாக லாரிகள். அவற்றினடியில் பாய் விரித்து உறங்கும் மனிதர்கள்.

வல்சாடைத் தாண்டியதும் பின்பக்க ஸ்பிரிங் பட்டை முறிந்தது. வண்டி ஒரு பக்கமாகச் சாய, ஊர்ந்தபடியே சாலையோரப் பட்டறை ஒன்றை அடைந்தோம். பட்டறைக்காரருக்கு எங்கள் மொழி தெரியாது. சுமையைக் காட்டி, “பூஜ்” என்றேன். அவர் மறுமொழி கூறாமல் உலையை மூட்டினார். நள்ளிரவு தாண்டி வேலை முடிந்தபோது இரும்புக்கு மட்டும் விலை பெற்றுக்கொண்டார். கூலியை நீட்டியபோது தலையசைத்து மறுத்துவிட்டார்.

நிலநடுக்கத்தில் சேதமுற்றிருந்த சூரஜ்பாரி பாலத்தை மெல்லக் கடந்து கச்சு மண்ணை மிதித்தது எட்டாம் நாள். பச்சாவு ஊர் கற்குவியலாகக் கிடந்தது. அதற்கு அப்பால் ஒரு சிற்றூரில் சுமையை இறக்கினோம். கம்பளியைப் பெற்றுக்கொண்ட முதியவர் ஒருவர் ஏதோ கூறினார். உடனிருந்த தொண்டர் தயங்கியபடி மொழிபெயர்த்தார்: “வெட்டவெளியில் குளிர் தாங்காமல் பேரப்பிள்ளைக்கு மூன்று இரவுகளாகக் காய்ச்சலாம்.” மூன்று இரவுகள். எங்கள் தாமதமும் மூன்று நாள்களே.

தாமதத்திலும் இறைவனின் திட்டம் இருக்கிறது என்று நாம் ஆறுதல் கூறுவதுண்டு. அந்த முதியவரின் முன் அச்சொற்களை உச்சரிக்க எனக்கு நா எழவில்லை. இன்றும் எழாது. கிழிந்த டயருக்கும் வராத அலுவலருக்கும் விண்ணகக் காரணம் தேடுவது துன்புறுவோரை மேலும் துன்புறுத்துவதாகும். தாமதத்தின் விலையை எப்போதும் யாரோ ஓர் எளியவர் செலுத்துகிறார். அதனை மறைக்காமல் ஏற்பதே உண்மை.

எனினும் ஒன்றைக் கற்றேன். சித்திரதுர்க்கப் புழுதியில் ஓட்டுநர் சொன்னார்: “வண்டின்னா நிக்கத்தான் செய்யும் சாமி. நின்ன உடனே கை வேலையில இறங்கணும்.” குருமடத்தில் பொறுமை என்னும் நற்பண்பைப் பற்றிப் பல ஏடுகள் பயின்றிருக்கிறேன். துன்பத்தைத் தாங்குதல் என்றே அதற்குப் பெரும்பாலும் பொருள் கண்டோம். தாங்கும்போதே கைகள் இயங்கவேண்டும் என்பதை அந்த மனிதரின் டீசல் படிந்த விரல்கள் உணர்த்தின. குமிழி நிற்கும்வரை அழுத்திக்கொண்டே இருப்பதும் பொறுமைதான்.

காலம் மாறியிருக்கிறது. 2017 ஜூலை 1 அன்று சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் எல்லை வணிகவரிச் சாவடிகள் அகற்றப்பட்டன. 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதன வசதி கட்டாயம் என அரசு அறிவித்தது. இயந்திரச் சூட்டில் பக்கத்திலமர்ந்து வெந்தவன் என்ற முறையில் அச்செய்தியை மகிழ்வோடு வாசித்தேன்.

சுமை இறங்கியதும் நாங்கள் நிவாரண முகாமில் நன்றியுரைகளைக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஓட்டுநர் அங்கே நிற்கவில்லை. வெறும் வண்டியோடு திரும்பினால் டீசல் செலவுக்கே கட்டாது என்று, திரும்பும் சுமை தேடிக் காந்திதாமுக்குக் கிளம்பிவிட்டார். அவருக்கு நன்றி கூற ஒருவருக்கும் தோன்றுமுன் லாரி புழுதியில் மறைந்தது. அன்பு வாசகரே, வழியோரம் நின்றுவிட்ட சுமை வண்டியை அடுத்த முறை காணும்போது, அது யாருக்காகச் செல்கிறதோ என்று ஒரு கணம் எண்ணுங்கள். இயலுமாயின், ஒரு குடம் தண்ணீர் கொடுங்கள்.