இரண்டு பேர் வண்டி

நமக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் உண்டு. "பள்ளிக்கூட உபாத்தியாயருக்கு ஸ்போர்ட்ஸ் காரா?" என்று நேயர்கள் உடனே புருவத்தை உயர்த்த வேண்டாம். வண்டி 1992-ம் வருஷத்தில் பிறந்தது. நாம் அதை வாங்கியது 2009-ல். கொடுத்த விலை, அப்போது குடியிருந்த வீட்டின் மூன்று மாத வாடகை. ஆகவே நம்முடைய ஐசுவரியத்தைப் பற்றி யாரும் தப்பபிப்பிராயம் கொள்வதற்கு இடமில்லை.

நாம் வசிப்பது இங்கிலாந்தில், செஷயர் ஜில்லாவில். திருச்சியில் பட்டம் வாங்கி, இங்கே வந்து மறுபடியும் பயிற்சி பெற்று, இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து வருகிறோம். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் பன்னிரண்டு மைல். இந்தத் தேசத்தில் உபாத்தியாயருக்கு வருஷத்தில் 195 வேலை நாள். கணக்கு வாத்தியார் ஆனபடியால் போக வரப் பெருக்கியே சொல்லி விடுகிறோம்: வருஷத்துக்கு 4,680 மைல். அத்தனை மைலும், மழையானாலும் பனியானாலும், அந்த ஸ்போர்ட்ஸ் காரில்தான்.

இதுதான் அடுத்த வீட்டுப் பெரியவருக்குப் பொறுக்கவில்லை.

அவர் தங்கமான மனிதர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவரிடமும் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. 1960-களில் செய்த அசல் இங்கிலீஷ் வண்டி. பச்சை வர்ணம், கம்பிச் சக்கரங்கள். அது கொட்டகையில் போர்வை போர்த்திக் கொண்டு பள்ளி கொண்டிருக்கும். கோடையில் நாலைந்து ஞாயிற்றுக்கிழமை, வானத்தில் மேகமே இல்லையென்று நிச்சயமான பிறகு, உற்சவ மூர்த்தியைப் போல் வெளியே எழுந்தருளும். "இவ்வளவு ஆசையாக வைத்திருக்கும் வண்டியை இந்த மழையிலா எடுத்துக் கொண்டு போகிறீர்கள்?" என்று வேலிக்கு மேலாக அவர் நம்மைக் கேட்காத மழை நாள் கிடையாது. இங்கிலாந்தில் மழை இல்லாத நாளும் அதிகம் கிடையாது.

இதில் ஒரு வேடிக்கை. மழையில் ஓட்டுவதற்கென்றே பிறந்தது நம் வண்டி. அதன் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கூரை மடக்கும், இரண்டே ஆசனமுள்ள, இலேசான சிறு வண்டிகளைச் செய்வதில் ஒரு காலத்தில் இங்கிலீஷ்காரர்களை மிஞ்ச ஆள் இல்லை. அமெரிக்காவுக்கும் கப்பல் கப்பலாக ஏற்றி அனுப்பினார்கள். அந்த வண்டிகளில் மழை உள்ளே வரும். எண்ணெய் வெளியே போகும். ஈரமான காலை வேளைகளில் இயந்திரம் மௌன விரதம் பூணும். ஆனாலும் ஜனங்கள் அவற்றைக் காதலித்தார்கள். 1980-க்குள் அந்த ஜாதி வண்டி அநேகமாய் அற்றுப் போயிற்று. பாப் ஹால் என்னும் அமெரிக்க மோட்டார்ப் பத்திரிகையாளர், ஜப்பானிய பாஷை தெரிந்தவர், மாஸ்டா கம்பெனியைச் சேர்ந்த கெனிச்சி யமமோட்டோவிடம் போய், அப்படிப்பட்ட வண்டியை நீங்கள் செய்யுங்கள் என்று யோசனை சொன்னார். ஹிரோஷிமாவைச் சேர்ந்த கம்பெனி அது. பத்து வருஷம் போல் கழித்து, 1989 பிப்ரவரியில், சிகாகோ மோட்டார்க் கண்காட்சியில் மாஸ்டா எம்.எக்ஸ். 5 வெளியாயிற்று.

அதைச் செய்தவர்களுக்குத் தலைவர் தோஷிஹிகோ ஹிராய். "ஜின்பா இட்டாய்" என்ற பழைய ஜப்பானியச் சொல்லை அவர்கள் மந்திரமாகக் கொண்டார்களாம். குதிரையும் குதிரை ஏறியவனும் ஓருடல் ஆவது என்று அர்த்தம். இயந்திரம் 1,597 கன சென்டிமீட்டர்தான். வண்டி ஆயிரம் கிலோவுக்கும் குறைவு. புகைக்குழாயின் சத்தத்தைக் கூட வீணைக்குச் சுருதி சேர்ப்பது போல் சேர்த்தார்கள். வேகம் என்று பார்த்தால் ஒன்றும் பிரமாதமில்லை. சந்தியில் விளக்கு மாறியதும், குழந்தை குட்டிகளோடு மளிகைக் கடைக்குப் போகிற வண்டிகள் நம்மை முந்திக் கொண்டு போய்விடும். ஆனால் காலையில் சாவியைத் திருப்பினால் உயிர் வரும். மழை பெய்தால் மேலே சொட்டாது. முதல் மாதிரியில் மட்டும், 1997 வரையில், நாலு லட்சத்துக்கு மேல் செய்தார்கள். 2016-ல் எல்லா மாதிரியும் சேர்ந்து பத்து லட்சம் ஆயிற்று. இங்கிலீஷ்காரன் கண்ட கனவை ஜப்பான்காரன் நிறைவேற்ற, திருச்சிக்காரன் அதில் ஏறிக் கொண்டு செஷயரில் கணக்குச் சொல்லிக் கொடுக்கப் போகிறான்!

தினமும் ஓட்டுவதில் சிரமம் இல்லையா? இல்லாமல் என்ன! லாரி பக்கத்தில் வந்தால் அதன் சக்கரத்தின் மறைகள் நம் கண்ணுக்கு நேரே சுழலும். பின்பெட்டியில் உபரிச் சக்கரமும் பாட்டரியும் முன்னமே குடி புகுந்து விட்டபடியால், இரண்டு வகுப்பு நோட்டுப் புத்தகங்களுக்கு மேல் இடமில்லை. அரிசி மூட்டை வாங்கினால் பக்கத்து ஆசனத்தில் உட்கார வைத்து, வார் போட்டு, மரியாதையாகத்தான் அழைத்து வர வேண்டும். நாற்பதைத் தாண்டிய பிறகு, இறங்கும் போது முழங்கால் நம்மைக் கேட்காமலே ஏதோ அபிப்பிராயம் சொல்கிறது. துணிக் கூரையின் பின் ஜன்னல் பிளாஸ்டிக். மடக்குவதற்கு முன் அதன் ஜிப்பை அவிழ்த்துத் தனியே படுக்க வைக்க வேண்டும். குளிர் நாளில் அவசரப்பட்டால் அப்பளம்தான்.

இவ்வளவையும் பொறுத்துக் கொண்டிருப்பதற்குக் காரணம் குதிரையும் அல்ல, சுருதியும் அல்ல. நம் மகள்.

அவளுடைய பள்ளி நம் பள்ளிக்குப் போகும் வழியில் இருக்கிறது. ஏழு வயதிலிருந்து, உயரம் கூட்டும் ஆசனம் ஒன்றைப் போட்டு, பக்கத்தில் உட்கார வைத்து அழைத்துப் போகிறோம். இப்போது பதினோரு வயது. வீட்டில் அவளிடம், "இன்று பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது?" என்று கேட்டால், "ஒன்றுமில்லை" என்பாள். இந்த வண்டியில் ஏறிவிட்டால் அப்படி இல்லை. பின் ஆசனம் கிடையாது. ஒளிந்து கொள்ள இடமில்லை. கூரையைத் திறந்து விட்டால் காற்றின் இரைச்சலில் கையிலிருக்கும் டெலிபோன் பிரயோஜனப்படாது. அதைவிட முக்கியம், நம் கண் சாலையில் இருக்கிறது. அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. முகத்தைப் பார்க்காதவரிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் போலும். உயிர்த் தோழி ஒருத்தி மூன்று வாரமாகப் பேசவில்லை என்பதை நாம் அறிந்தது இந்த வண்டியில்தான். கணக்கு வாத்தியார் மகளுக்குக் கணக்கு என்றால் வயிற்றைக் கலக்குகிறது என்று அறிந்ததும் இதில்தான். அந்தச் செய்திக்குப் பிறகு இரண்டு மைல் தூரம் நாம் வாயைத் திறக்கவில்லை.

சென்ற அக்டோபரில் வண்டி பரீட்சையில் தோற்றது. மூன்று வயதுக்கு மேற்பட்ட மோட்டார்களுக்கு இந்தத் தேசத்தில் வருஷாந்தரப் பரீட்சை உண்டு; 1960-ல் ஏற்படுத்தியது. தொழிற்சாலைக்காரர் நம்மை வண்டிக்கு அடியில் அழைத்துப் போய், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகட்டுப் பெட்டியை விரலால் அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று. அந்த இடத்தை இங்கிலீஷில் "ஸில்" என்பார்கள். நம் பாஷையில் வாசற்படி.

குற்றம் முழுக்க முழுக்க நம்முடையது. துணிக் கூரையில் விழும் தண்ணீர் ஆசனங்களுக்குப் பின்னால் இருபுறமும் உள்ள துவாரங்கள் வழியாகக் குழாயில் இறங்கி வெளியே போக வேண்டும். துவாரத்தில் இலையும் சேறும் அடைத்தால், தண்ணீர் வழிந்து வாசற்படிக்குள் தேங்கும். வருஷத்துக்கு இரண்டு தடவை குத்தி எடுக்க வேண்டியது. இது நமக்குத் தெரியும். வீட்டுப் பாடம் செய்யாத பையன்களை வருஷமெல்லாம் கண்டிக்கிற நாம், இந்த வீட்டுப் பாடத்தைப் பல வருஷங்களாகச் செய்யவில்லை. உள்ளேயிருந்து தண்ணீர், வெளியேயிருந்து உப்பு. பனி உறையாமல் இருக்கக் குளிர் காலமெல்லாம் சாலையில் பாறை உப்பைத் தூவுகிறார்கள். அந்த உப்பை வெட்டியெடுக்கும் பெரிய சுரங்கமே நம் ஜில்லாவில், வின்ஸ்போர்டில் இருக்கிறது. உப்பளத்தில் குடியிருந்து கொண்டு இரும்பை நனைய விட்டோம்.

செலவு, நம் மாதச் சம்பளத்தில் பாதி. "ஒட்டிக் கொடுக்கிறேன். ஆனால் இன்னும் சில குளிர் காலம் இப்படியே ஓட்டினால் மறுபடியும் இங்கேதான் வருவீர்கள். தினசரிக்கு ஒரு சாதாரண வண்டி வாங்கிக் கொண்டு, இதைக் கோடைக்கு வைத்துக் கொள்ளுங்கள்" என்றார் தொழிற்சாலைக்காரர். நியாயமான யோசனை. அடுத்த வீட்டுப் பெரியவர் வேலிக்கு மேலாகத் தலையை ஆட்டினார். அவருடைய உற்சவ மூர்த்தி அந்தக் கோடையில் புறப்படவேயில்லை என்பதை நாம் நினைவூட்டவில்லை. ஆடாமல் அசையாமல் நின்று பிரேக் பிடித்துக் கொண்டது. பெட்ரோல் கெட்டுப் பிசினாயிற்று. டயர்கள் ஒரு பக்கம் தட்டையாகி விட்டன.

வீட்டில்தான் உண்மையான விசாரணை நடந்தது. "கூரையில்லாத வண்டிக்கு அந்த வாசற்படிதானே பலம்? அது உளுத்துப் போயிருக்கிறது. அதில் குழந்தையை உட்கார வைத்து ஓட்டியிருக்கிறீர்கள்!" என்றாள் மனைவி. இதற்குப் பதில் கிடையாது. உண்மை அது. "நாங்கள் மூன்று பேரும் போவதற்கு என் வண்டி இருக்கிறது. நீங்கள் பத்திரிகைக்கு எழுதும் போது 'நாம், நாம்' என்கிறீர்களே, அந்த 'நாமில்' எனக்கு இடம் உண்டா? உங்கள் வண்டியில் இல்லை, அது தெரியும்" என்றாள். வண்டி வாங்கிய நாளில் அந்தப் பக்கத்து ஆசனம் அவளுடையதாக இருந்தது. அதை அவளும் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. சாதாரண வண்டி ஒன்றை விலை விசாரிப்பதென்று தீர்மானமாயிற்று.

தீபாவளி வந்தது. கல்யாணத்தன்று கட்டிய கூரைப் புடவையை மகளுக்குக் காட்டுவதற்காக அவள் பெட்டியைத் திறந்தாள். நல்ல அரக்கு நிறம், காஞ்சிபுரத்துப் பட்டு. கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு தடவை கட்டியிருப்பாள். அழுக்காகும், கறை படும் என்று வைத்ததுதான். பிரித்துப் பார்த்தால், மடித்த இடங்களிலெல்லாம் சரிகை ஒடிந்து, பட்டு நீளவாட்டில் கீறி விட்டிருந்தது. வருஷா வருஷம் மடிப்பை மாற்றி வைக்கும்படி அவள் தாயார் சொல்லி அனுப்பியிருந்தாராம். வெகு நேரம் அதை மடியில் வைத்துக் கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் தொழிற்சாலைக்கு டெலிபோன் செய்தவள் அவள்தான். பழைய தகட்டில் ஒரு விரற்கடை விடாமல் வெட்டியெடுத்துப் புதிதாக வைக்க வேண்டும், உள்ளே மெழுகு பாய்ச்ச வேண்டும், ஒட்டுமுன் தன்னைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்றாள். புடவைக்கும் மோட்டாருக்கும் என்ன சம்பந்தம் என்று நாம் கேட்கவில்லை. கேட்கிற வயதைத் தாண்டி விட்டோம். அவள் போய், வண்டிக்கு அடியில் குனிந்து, தன் விரலால் தானே அழுத்திப் பார்த்து விட்டு வந்தாள்.

இப்போது குளிர் காலத்தில் சனிக்கிழமை தோறும் ரப்பர்க் குழாயால் வண்டியின் அடி வயிற்றுக்கு ஸ்நானம். துவாரங்களைக் குத்துவதற்குப் புல் வெட்டும் இயந்திரத்தின் நைலான் கயிறு ஒரு முழம் வேலிக்கு மேலாக வந்து சேர்ந்தது. அந்த வேலை மகளுடையது. அவள் கை சிறியது.

ஜனவரியில் ஒரு நாள். புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. ஊரைத் தாண்டியதும் முன்னால் உப்பு லாரி, மஞ்சள் விளக்குச் சுழல, இருபுறமும் வாரி இறைத்துக் கொண்டு போயிற்று. "அப்பா, ஒரு விஷயம் சொல்ல வேண்டும்" என்றாள் மகள். நாம் லாரியைப் பார்த்தோம். இடது பக்கம் திரும்பும் சந்தைப் பார்த்தோம். சுற்று வழி, நாலு மைல் அதிகம். திருப்பினோம். அவள் சொல்லி முடிப்பதற்கு அதுவும் போதவில்லை. அவள் பள்ளி வாசலில் வண்டியை நிறுத்திக் கொண்டு மீதியைக் கேட்டோம்.

நம் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்த போது முதல் மணி அடித்துப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. தலைமை ஆசிரியரிடம் உப்பு லாரியைக் காரணம் சொன்னோம்.