மஞ்சள் கோடு

மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு உலகத்தில் சத்ருக்கள் பலர். மழை ஒரு சத்ரு. தெரு நாய் ஒரு சத்ரு. ஆனால் மழை வந்தால் ஒதுங்க மரத்தடி இருக்கிறது. நாயோடும் எப்படியாவது சமாதானமாகப் போய்விடலாம். சாலையின் நடுவே நீளமாகப் படுத்திருக்கிறதே மஞ்சள் கோடு, அதோடு மட்டும் எந்தவித ராஜிக்கும் வர முடிவதில்லை.

வண்டி ஓட்டாத நேயர்களுக்காக ஒரு வார்த்தை. நடுக்கோடு துண்டு துண்டாக இருந்தால், எதிரே வண்டி வராத சமயம் பார்த்து அதைத் தாண்டி முன்னால் போகிற வண்டியை முந்தலாம். விடாமல் ஒரே கோடாக ஓடினால் தாண்டக் கூடாது. இரண்டு கோடுகள் அருகருகே ஓடி, ஒன்று துண்டாகவும் ஒன்று முழுசாகவும் இருந்தால், உங்கள் பக்கம் எது இருக்கிறதோ அதுதான் உங்களுக்குச் சட்டம். இவ்வளவுதான் விஷயம். இதைக் கடைப்பிடிப்பதற்குத்தான் மகான்களின் பொறுமை தேவைப்படுகிறது.

என்னிடம் இருப்பது புல்லட். நம் திருவொற்றியூரில் பிறந்த வம்சத்தைச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எங்கள் கோஷ்டி ஒன்று கூடும். ஏழெட்டுப் பேர், ஒருவர் பல் வைத்தியர், ஒருவர் பாங்கி உத்தியோகஸ்தர், மற்றவர்கள் என்னைப் போன்ற சாமானியர்கள். ஐம்பது அறுபது கி.மீ. ஓட்டிவிட்டு ஒரு டீக்கடையில் இறங்குவோம். டீ வந்ததும் புலம்பல் ஆரம்பமாகிவிடும்.

2018-ஆம் வருஷம் மத்திய சர்க்கார் வேக வரம்பைக் கொஞ்சம் தளர்த்தியது. நாலு வழிச் சாலையில் காருக்கு 100 கி.மீ., எங்களுக்கு 80. "அவனுக்கு மட்டும் 100, நமக்கு ஏன் 80?" என்று அப்போதே முணுமுணுத்தோம். 2021-இல் சென்னை ஹைகோர்ட்டு அந்த உத்தரவையே ரத்து செய்தபோது எங்கள் டீக்கடையில் ஏறக்குறையத் துக்கமே அனுஷ்டித்தார்கள். 2023 நவம்பரில் சென்னை நகரத்துக்குள் காருக்கு 60, இரு சக்கர வண்டிக்கு 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் எல்லாருக்கும் 30 என்று வந்தது. பல் வைத்தியர் டீயைக் கீழே வைத்துவிட்டார். "ஒரே ரோடு, நான் 50-இல் போகணும், எனக்குப் பின்னால் வருகிற கார் 60-இல் வரலாம். அந்தப் பத்து கி.மீ. வித்தியாசம் என் முதுகில் அல்லவா வந்து முட்டும்?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இல்லையென்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

எனக்கும் சொந்தமாக ஒரு மனத்தாங்கல் உண்டு. ஒரு சாலையில் (பெயர் வேண்டாம்) பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போது '40' என்று ஒரு பலகை வைத்தார்கள். பாலம் கட்டி முடிந்தது. அதன் மேல் பஸ் லாரியெல்லாம் ஓடத் தொடங்கிவிட்டன. பலகையை மட்டும் யாரும் எடுக்கவில்லை. அகலமான சாலை, ஆள் அரவமே இல்லை. 58-இல் போனேன். மூன்றாம் நாள் செல்போனில் செய்தி வந்தது, ஆயிரம் ரூபாய் அபராதம் என்று. பணத்தைக் கட்டிவிட்டேன். ஆனால் அன்று முதல் எந்தப் பலகையைப் பார்த்தாலும், எந்தக் கோட்டைப் பார்த்தாலும், 'இதுவும் யாரோ மறந்துவிட்டுப் போனதுதான்' என்கிற எண்ணம் உள்ளே உட்கார்ந்துகொண்டது.

போன தை மாதம் திருவண்ணாமலையில் என் மனைவி வழியில் ஒரு கல்யாணம். அவள் முதல் நாளே பஸ்ஸில் போய்விட்டாள். போகும்போது, "காலை ஒன்பது மணிக்கு முகூர்த்தம். பத்திரிகை வேலை, அந்த வேலை இந்த வேலை என்று தாலி கட்டின பிறகு வந்து நிற்காதீங்க" என்று எச்சரித்துவிட்டுத்தான் போனாள். நானும் மைத்துனனும் விடியுமுன் கிளம்பினோம். திண்டிவனம் தாண்டும்வரை எல்லாம் பிரமாதம். அங்கே டயர் பஞ்சர். அது ஒரு மணி நேரத்தை விழுங்கிவிட்டது.

செஞ்சியைக் கடந்தோம். பாறைகளை அள்ளிக் குவித்தாற்போல் இரண்டு பக்கமும் குன்றுகள். வேறு நாளாக இருந்தால் நிறுத்தி ரசித்திருப்பேன். அன்றைக்கு எனக்கு முன்னால் தெரிந்ததெல்லாம் ஒரு கரும்பு டிராக்டர்தான். இரண்டு டிரெய்லர், தலைக்கு மேல் கரும்பு, தோகைகள் இரண்டு பக்கமும் சாலையைப் பெருக்கிக்கொண்டு போகின்றன. வேகம் இருபதுக்கு மேல் இல்லை. நடுவே விடாத மஞ்சள் கோடு.

பத்து நிமிஷம் பொறுத்தேன். சத்தியமாகப் பொறுத்தேன். பின்னால் வந்த கார் ஒன்று கோட்டைத் தாண்டிப் போயிற்று. ஒரு பஸ் போயிற்று. கோழிக்கூண்டு ஏற்றிய மினி லாரி கூடப் போயிற்று. மைத்துனன் என் தோளைத் தட்டினான்.

"அத்தான், ரோடு காலி. போங்க!"

தலையை நீட்டிப் பார்த்தேன். தூரத்தில் ஒரு புளியமரம். அதுவரைக்கும் சாலை நேராக, காலியாகத்தான் கிடந்தது. பாலத்துப் பலகை ஞாபகம் வந்தது. 'இந்தக் கோடும் அந்த ஜாதிதான்' என்று முடிவு கட்டினேன். வண்டியை முறுக்கிக் கோட்டைத் தாண்டினேன்.

இரண்டாவது டிரெய்லரின் பாதி வரை போயிருப்பேன். எதிரே பூமிக்குள்ளிருந்து ஒரு முண்டாசு கிளம்பிற்று. அப்புறம் ஒரு முகம். அதன் தோளுக்குப் பின்னால் இன்னொரு முகம். கடைசியில்தான் வண்டி தெரிந்தது. டி.வி.எஸ். எக்ஸ்.எல்., முன்னால் ஒரு மூட்டை.

சாலை அங்கே ஒரு சிறு பாலத்துக்காகத் தாழ்ந்து ஏறுகிறது. அந்தத் தாழ்வு, ஆளோடு சேர்த்து ஒரு மொபெட்டை முழுசாக விழுங்கிவிடும். அப்பால் மேடேறும் சாலை இப்பால் இருக்கிற சாலையோடு ஒட்டினாற்போல் தெரிகிறது. நடுவில் பள்ளம் ஒன்று இருப்பதாகவே கண் சொல்வதில்லை.

நான் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. பெரியவர் செய்ததுதான் எங்கள் எல்லாரையும் காப்பாற்றியது. தார்ச் சாலையை விட்டு மண்ணில் இறக்கிவிட்டார். வண்டி சரிந்தது. டிராக்டர்க்காரர் பிரேக் போட, நான் இரண்டுக்கும் நடுவே எப்படியோ நுழைந்து வெளியே வந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் மண்ணெல்லாம் கத்திரிக்காய்.

பெரியவருக்கு முழங்காலில் சிராய்ப்பு. அந்த அம்மாள் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

"யம்மா, மன்னிச்சுக்குங்க..." என்று ஆரம்பித்தேன்.

"இன்னாத்துக்குப்பா மன்னிப்பு? மாட்டுக்குப் பால் கறக்கற கை இது. காய் பறிக்கற கை. நீ வந்து கறப்பியா?" என்றாள்.

இதற்கு நான் என்ன பதில் சொல்ல? பெரியவர் ஒன்றும் பேசாமல் கத்திரிக்காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். மைத்துனனும் பொறுக்கினான். ஓர் ஆட்டோவைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். எலும்பு முறிவு, மாவுக்கட்டு, ஆறு வாரம் என்றார்கள். செலவை நான் கட்டினேன். அதனால் கணக்குத் தீர்ந்துவிட்டதாக எனக்கும் தோன்றவில்லை, அந்த அம்மாளுக்கும் தோன்றவில்லை.

கல்யாண மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்தது. மனைவி என் முகத்தைப் பார்த்ததும் திட்டுவதற்காக வைத்திருந்த வார்த்தைகளை விழுங்கிவிட்டாள். அவளுடைய பெரியப்பா சாலைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தாம்பூலத் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"கண்ணுக்கு எட்டின தூரம் ரோடு காலியாகத்தான் இருந்தது, மாமா."

"கண்ணுக்கு எட்டினது புளியமரம், மாப்பிள்ளை. ரோடு எட்டவில்லை" என்றார்.

ஒரு வெற்றிலையை எடுத்து நடுவில் லேசாக அமுக்கிப் பள்ளம் செய்தார். ஒரு பாக்கை அதில் போட்டுவிட்டு, வெற்றிலையை என் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். பாக்கு தெரியவில்லை. பிறகு கணக்குச் சொன்னார். நம் நாட்டுச் சாலைப் பொறியாளர்களின் விதிப்படி, ஓட்டுகிறவனின் கண் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்கிறார்கள். எதிரே வருகிற வண்டிக்கும் அதே 1.2 மீட்டர். 60 கி.மீ. வேகத்துக்கான சாலையில் ஒரு வண்டியை முந்த வேண்டுமானால் 300 மீட்டர் தூரம் தெளிவாகத் தெரிய வேண்டும். 80 கி.மீ. என்றால் 470 மீட்டர். ஒரு வளைவோ மேடோ பள்ளமோ அதை மறைத்தால் அங்கே முந்தக் கூடாது என்று கோடு போட வேண்டும்.

நான் விடவில்லை. "இதெல்லாம் காருக்குப் போட்ட கணக்கு. புல்லட்டில் உட்கார்ந்தால் என் கண் காரில் இருக்கிறவன் கண்ணைவிட உயரம். வண்டியும் ஒடுக்கம். மூன்றே வினாடியில் முந்திவிடுவேன்" என்றேன்.

"சரி, உன் கண் உயரம். எதிரே மொபெட்டில் குனிந்து வருகிறவன் தலை?" என்று கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். "நீ 60, அவன் 40. இரண்டும் சேர்ந்து வினாடிக்கு 28 மீட்டர் நெருங்குகிறீர்கள். எதிரே இருப்பதைப் பார்த்து, புரிந்துகொண்டு, பிரேக்கில் கால் வைக்க இரண்டரை வினாடி ஆகுமென்று எங்கள் கணக்கு. அதற்குள்ளேயே 70 மீட்டர் போய்விடும். உன் மூன்று வினாடியில் என்ன மிச்சம்?"

நான் பாலத்துப் பலகையைப் பற்றிச் சொன்னேன். அதற்கு மட்டும் அவர் சிரிக்கவில்லை. "அது தப்புத்தான். காரணம் போன பிறகும் பலகை நிற்கிறது. சில இடத்தில் பள்ளமும் இருக்காது, வளைவும் இருக்காது. பெயின்ட் வண்டி ஓடின வரைக்கும் கோடு இழுத்துவிட்டுப் போயிருப்பார்கள். பொய்க் கோடு போடுகிறவன் மெய்க் கோட்டையும் அழிக்கிறான், மாப்பிள்ளை. நான் சர்வீஸில் இருந்தபோது இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்" என்றார்.

ஊருக்குத் திரும்பிய பிறகு இந்தக் கோட்டின் பூர்வோத்தரத்தைத் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் 1911-லேயே நடுக்கோடு போட்டிருக்கிறார்கள். கலிபோர்னியாவில் இதற்காகப் போராடியவர் ஒரு லேடி டாக்டர்; ஜூன் மெக்காரல் என்று பெயர். 1917-இல் இந்தியோ என்ற ஊருக்குப் பக்கத்தில் அவர் காரோட்டிக்கொண்டு போகையில், எதிரே சாலையின் நடுவில் வந்த லாரி அவரை மணலில் தள்ளிவிட்டது. அதிகாரிகளிடம் போய், நடுவில் ஒரு கோடு போடுங்கள் என்றார். யாரும் காது கொடுக்கவில்லை. தாமே பெயின்டோடு போய்ச் சாலையில் கோடு போட்டுக் காட்டினார். மாகாண சர்க்கார் 1924-இல்தான் ஒப்புக்கொண்டது. 2002-இல் அந்தப் பகுதியின் நெடுஞ்சாலை ஒன்றுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். மணலில் தள்ளப்பட்டவர் போட்ட கோடு அது! நானோ மண்ணில் தள்ளியவன். படித்ததும் புஸ்தகத்தை மூடிவிட்டேன்.

டீக்கடையில் இந்தக் கதையைச் சொன்னபோது கோஷ்டியில் யாரும் குறுக்கே பேசவில்லை. பாங்கிக்காரர் மட்டும் ஒரு கணக்கை எடுத்துப் போட்டார். 2022-இல் நம் தேசத்துச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் இரு சக்கர வண்டியில் போனவர்கள் 74,897. "முந்துகிறவனும் நாம்தான், மண்ணில் விழுகிறவனும் நாம்தான்" என்றார் பல் வைத்தியர். அதற்காக 50, 60 விஷயத்தில் அவர் விட்டுக்கொடுத்துவிடவில்லை. அடுத்த வாரம் அதையே மறுபடி ஆரம்பித்தார்.

மாவுக்கட்டு பிரித்த பிறகு அந்த அம்மாளைப் போய்ப் பார்த்தேன். திண்ணையில் உட்கார்ந்து கையை மெல்ல மெல்ல மூடித் திறந்துகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண் வந்து பால் கறந்து தருகிறாளாம்; அவளுக்குத் தினம் அரை லிட்டர் பால் கூலி. "துணி பிழிய வரல. சோத்துப் பானை தூக்க வரல. மத்தபடி பரவால்ல" என்றாள். பிறகு என் வண்டியைக் கண்ணால் காட்டி, "இன்னும் அதைத்தான் ஓட்டறியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பெரியவர் உள்ளேயிருந்து ஒரு பை நிறையக் கத்திரிக்காய் கொண்டுவந்து கொடுத்தார். வேண்டாமென்று சொல்லத் தைரியம் வரவில்லை.

திரும்பும் வழியில் அதே இடம். அன்றைக்கும் எனக்கு முன்னால் ஒரு கரும்பு வண்டி. கோட்டுக்கு இந்தப் பக்கமே, இருபதில், தோகை மூஞ்சியில் படாத தூரத்தில் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு பையன், புது வண்டி, விடாமல் ஹாரன் அடித்தான். முன்னே பள்ளம் இருக்கிறது, பொறு என்று சொல்லத்தான் வலக் கையை நீட்டி மேலும் கீழும் ஆட்டினேன். நான் வழி விட்டதாக எண்ணிக்கொண்டான் போலிருக்கிறது. எனக்கு ஒரு நன்றி வணக்கமும் போட்டுவிட்டு, கோட்டைத் தாண்டிச் சீறிக்கொண்டு போய்விட்டான்.

அன்றைக்குப் பள்ளத்தில் யாரும் வரவில்லை.