சிவப்புப் பூசிய குழாய்க்கிணறுகள்

குளத்து நீரைக் குடித்த குழந்தைகள் வயிற்றுப்போக்கால் மாண்டுகொண்டிருந்த வங்கதேசக் கிராமங்களில், 1970களில் அரசும் யுனிசெஃபும் தொண்டு நிறுவனங்களும் பரப்பிய குழாய்க்கிணறுகள், அதாவது மண்ணுக்குள் இறக்கிய குழாயின் தலையில் கைப்பம்பு பொருத்திய எளிய அமைப்புகள், கிருமியற்ற நீரைத் தந்தன. ஆனால் அந்த நீரில் ஆர்செனிக் என்னும் நச்சுத் தனிமம் நிறமோ மணமோ சுவையோ காட்டாமல் கரைந்திருந்தது 1993இல்தான் அங்கே உறுதிப்பட்டது. உள்ளங்கையில் தடித்த புள்ளிகளாக அது வெளிப்படுவதற்குள் பலருக்கு ஆண்டுகள் கடந்துவிட்டிருந்தன. கிணறு தோண்டும்போதே நீரைச் சோதிக்காமல் விட்டது பொறுக்கத்தக்க பிழையன்று.

பின்னர் கிணறுகளைச் சோதித்து, லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் நஞ்சுள்ளவற்றுக்குச் சிவப்பும் மற்றவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள் (உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவோ 10தான்). தன் முற்றத்துச் சிவப்புப் பம்பைக் கடந்து, அடுத்த வீட்டுப் பச்சைப் பம்புக்குக் குடத்தோடு நடப்பவர்கள் பெரும்பாலும் பெண்களே.

நஞ்சுள்ள நீரையே குடிக்கத்தக்கதாக்க வேதியியலாளர் அபுல் ஹுசாம் உருவாக்கிய சோனோ வடிகட்டியோ, மணல், பதப்படுத்திய இரும்புத் துகள், கரி, செங்கல் துண்டு ஆகியவற்றை இரண்டு வாளிகளில் அடுக்கி, மின்சாரமின்றி நஞ்சைப் பிடித்துக்கொள்வது; 2007இல் அதற்குக் கிடைத்த பத்து லட்சம் டாலர் பரிசின் பெரும்பகுதியை, வடிகட்டிகளை மக்களுக்கு வழங்கவே அவர் ஒதுக்கினார்.