கொப்பியில் ஒரு திருத்தம்



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளின் கொப்பியில் நாங்களே எழுதிக்கொடுத்த ஒரு பிழையைப் பற்றியது. பெற்றோரும் பழைய மாணவர்களும் பொறுமையாக வாசியுங்கள்.

2003 மார்ச்சில் ஈராக்கில் குண்டு விழத் தொடங்கியபோது எங்கள் வயதுக்காரர்கள் பாடசாலைப் பிள்ளைகள். ஊரில் அரைவாசி வீடுகளில் ஒருவராவது குவைத்திலோ சவூதியிலோ இருந்தார். இஷா தொழுதுவிட்டு வந்து வாப்பாமார் தமிழோசைக்காக ரேடியோவைத் திருகுவார்கள். குவைத் பக்கமும் ஏவுகணை வருகிறது என்று கேட்டதும் உம்மாமார் அழத் தொடங்குவார்கள். எங்களுக்கு அரசியல் விளங்காது, மாமாவிடமிருந்து கோல் வருமா என்பதுதான் கவலை. அந்த நாட்களில் பெரியவர்கள் ஒரே ஒரு ஆறுதல் சொன்னார்கள்: "இருந்து பாருங்க, புஷ்ஷுக்குக் கூட நின்ட ஒருத்தனையும் அந்தந்த நாட்டுச் சனமே வெச்சிருக்காது."

அடுத்த வருடமே ஸ்பெயினில் ஆளும் கட்சி தோற்றது. "சொன்னோமே!" என்றார்கள். அந்தப் பேச்சை அப்படியே நெஞ்சில் வைத்துக்கொண்டு கல்வியியற் கல்லூரிக்குப் போனோம், விவாதப் போட்டிகளில் பேசினோம், கைதட்டும் வாங்கினோம். பிறகு ஆசிரியர்களாக வந்து குடியியல் பாடத்தில் வாக்குரிமை பற்றிப் படிப்பிக்கும்போது, "ஈராக் போரை ஆதரித்த தலைவர்களை அந்நாட்டு மக்கள் வாக்குகளால் வீழ்த்தினர்" என்று கரும்பலகையில் எழுதினோம். ஒரு வருடமல்ல, பல வருடம்.

போன தவணை தரம் பதினொன்றில் ஒரு பிள்ளை எழும்பி, "சேர், டொனி பிளேயர் 2005லயும் வென்டாரே. அப்ப இந்த வசனம் பிழையா?" என்று கேட்டாள். நாளைக்குச் சொல்கிறோம் என்று தப்பி வந்தோம். ஆசிரியர் அறையில் பிளேன்டீயோடு இருந்து தேடிப் பார்த்தோம். பிள்ளை சொன்னது சரி. பிழை எங்கட பக்கம்.

பிளேயரையே எடுங்கள். 2003 பெப்ரவரி 15 அன்று இலண்டன் வீதிகளில் இறங்கிய கூட்டம் அந்த நகரம் அதுவரை காணாதது. அப்படியிருந்தும் மார்ச் 18 அன்று பாராளுமன்றத்தில் 412க்கு 149 என்று போருக்கு அனுமதி கிடைத்தது. அவருடைய தொழிற்கட்சி உறுப்பினர்கள் 84 பேர் எதிர்த்து வாக்களித்தும், எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவ் கை கொடுத்தது. இதுதான் முக்கியமான இடம். 2005 மே மாதம் தேர்தல் வந்தபோது, போருக்காகக் கோபப்பட்ட வாக்காளர் யாருக்குப் போடுவார்? ஆட்சியைப் பிடிக்கக்கூடிய இரண்டு கட்சியும் போருக்குக் கை தூக்கியவை. லிபரல் டெமொக்ரட் கட்சி எதிர்த்தது, அதற்கு 62 ஆசனங்கள் கிடைத்தன. பிளேயரின் பெரும்பான்மை 160க்கு மேலிருந்து 66 ஆகச் சுருங்கியது, வாக்கு 35 வீதத்துக்கு இறங்கியது. ஆனாலும் வென்றவர் அவர்தான். வங்காளதேச முஸ்லிம்கள் நிறையப் பேர் வாழும் பெத்னல் கிரீன் அன்ட் போ தொகுதியில் மட்டும், போரை எதிர்த்த ஜோர்ஜ் கலவே 823 வாக்குகளால் தொழிற்கட்சி உறுப்பினரை வீழ்த்தினார். எங்கள் காதில் விழுந்தது அந்த ஒரு தொகுதிச் செய்திதான், மற்றதெல்லாம் விழவில்லை.

அவுஸ்திரேலியாவில் ஜோன் ஹவார்ட் படை அனுப்பிவிட்டு 2004இல் முன்னையதை விடப் பெரிய வெற்றி பெற்றார். 2007இல் தோற்றார், சொந்தத் தொகுதியான பெனலோங்கையும் இழந்தார். ஆனால் அந்தத் தேர்தலில் பெரிய பேச்சு தொழிலாளர் சட்டம், ஈராக் ஒரு ஓரத்தில். டென்மார்க்கின் ராஸ்முசன் 2005இல் மறுபடி வென்று பின்னர் நேட்டோ செயலாளர் நாயகமானார். போருக்கு முந்திய உச்சி மாநாட்டை அசோரஸ் தீவில் நடத்திக் கொடுத்த போர்த்துக்கல் பிரதமர் பரோசோ 2004இல் ஐரோப்பிய ஆணைக்குழுவின் தலைவரானார். புஷ்ஷும் அதே வருடம் திரும்ப வந்தார்.

சரி, ஸ்பெயின்? அதையும் நாங்கள் அரைகுறையாகத்தான் படிப்பித்திருக்கிறோம். அங்கே பத்துப் பேரில் ஒன்பது பேர் போரை எதிர்த்தார்கள் என்று கருத்துக்கணிப்புகள் சொல்லின. ஆனால் போர் தொடங்கி இரண்டே மாதத்தில், 2003 மேயில், உள்ளூராட்சித் தேர்தல் வந்தபோது அஸ்னாரின் கட்சி விழவில்லை. மட்ரிட் மாநகரசபையும் அவர்கள் கையிலேயே இருந்தது. எதிர்ப்பு என்பது வேறு, வாக்கு என்பது வேறு. சனம் வீதி விளக்கையும் வேலையையும் பார்த்து வாக்குப் போட்டுவிட்டுப் போனது.

2004 மார்ச் 11 காலை மட்ரிட்டில் நான்கு ரயில்களில் குண்டு வெடித்து 190க்கும் அதிகமானோர் இறந்தார்கள். தேர்தலுக்கு மூன்றே நாள். அரசாங்கம் அது பாஸ்க் பிரிவினை இயக்கமான எட்டாவின் வேலை என்று விடாப்பிடியாகச் சொன்னது. ஆதாரங்கள் அல்கைதா வழிவந்தவர்களைக் காட்டத் தொடங்கிய பிறகும் அதையே சொன்னது. 13ஆம் திகதி இரவு மக்கள் கைத்தொலைபேசிச் செய்திகளால் ஒருவரையொருவர் கூப்பிட்டு ஆளும் கட்சி அலுவலகத்தின் முன் கூடினார்கள். அவர்கள் கேட்டது பழிவாங்கலை அல்ல, உண்மையை. மறுநாள் வாக்களிப்பு வீதமும் முந்திய தேர்தலை விட உயர்ந்தது. சோசலிஸ்ட் கட்சிக்கு 164 ஆசனம், ஆளும் கட்சிக்கு 148. சபதேரோ பிரதமராகி, தேர்தலுக்கு முன்பே சொன்னபடி படைகளைத் திருப்பி அழைத்தார். ஆனால் அஸ்னார் தோற்கவில்லை. அவர் முன்பே போட்டியிடுவதில்லை என்று அறிவித்துவிட்டார், தோற்றவர் அவருக்குப் பதிலாக நின்ற ரஹோய்.

இந்த இடத்தை வாசிக்கும்போது ஆசிரியர் அறை கொஞ்சம் அமைதியாகிவிட்டது. குண்டு வெடித்த நாட்டில் முஸ்லிமாக இருப்பது என்னவென்று 2019க்குப் பிறகு எங்களுக்குத் தெரியும். இவ்வளவு இரத்தத்துக்குப் பிறகும் அந்த மக்களின் பெருங்கோபம் பக்கத்து வீட்டு மொரோக்கோக்காரனை விட்டு, மறைத்த அரசாங்கத்தின் மீது போனது. அஸ்னார் விழுந்தார் என்பதை விட இதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது காஸாவைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளும் எங்கள் வாப்பாமார் சொன்னதையே சொல்கிறார்கள். 2024 ஜூலையில் பிரித்தானியாவில் லெஸ்டர் தெற்கில் ஒரு சுயேச்சை வேட்பாளர் 979 வாக்குகளால் தொழிற்கட்சியின் பெரிய புள்ளி ஒருவரை வீழ்த்தினார். இல்ஃபோர்ட் வடக்கில் வெஸ் ஸ்ட்ரீட்டிங் 528 வாக்குகளால் தப்பினார். அதே இரவில் தொழிற்கட்சி 400க்கு மேற்பட்ட ஆசனங்களோடு ஆட்சிக்கு வந்தது. இரண்டும் உண்மை. ஒன்றை மட்டும் பகிர்ந்தால் இருபது வருடம் கழித்து இன்னொரு பிள்ளை எழும்பிக் கேட்கும்.

இன்னொன்றையும் சேர்த்தோம். 2003 மார்ச் 1 அன்று, அமெரிக்காவின் 62,000 படையினரை நாட்டுக்குள் விடும் பிரேரணை துருக்கிப் பாராளுமன்றத்தில் வந்தது. அரசாங்கமே கொண்டுவந்தது. ஆதரவு 264, எதிர்ப்பு 250, வாக்களிக்காமல் ஒதுங்கியவர்கள் 19 பேர். வந்திருந்தோரில் அரைவாசிக்கு மேல் வேண்டும் என்பதால் அது தோற்றது. ஆளும் கட்சிக்காரரே பலர் கை தூக்கவில்லை. போர் நிற்கவில்லைதான், ஆனால் வடக்கால் பெரும் படை நுழையும் திட்டம் நடக்கவில்லை. சனத்தின் எதிர்ப்பு எங்கேயாவது உடனே பலித்தது என்றால் இங்கேதான், அதுவும் தேர்தலில் அல்ல, குண்டு விழுவதற்கு முன்பு. இதை இத்தனை வருடமும் ஒரு வகுப்பிலும் நாங்கள் சொல்லவில்லை.

மறுநாள் பாடவேளையில் அந்த வசனத்தை அழித்தோம். பிள்ளைக்கு நன்றியும் சொன்னோம். வெட்கத்தில் மேசைக்குக் கீழே குனிந்துகொண்டாள்.

2014க்குப் பிறகு எங்களிடம் குடியியல் படித்தவர்களிடம் பழைய கொப்பி இருந்தால் எடுத்துப் பாருங்கள். வாக்குரிமைப் பாடத்தில்தான், இரண்டாவது பக்கமாக இருக்கும். அந்த வரியை வெட்டிவிடுங்கள். தம்பி தங்கச்சிமார் அதே கொப்பியைப் பார்த்துப் படிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம்.