அசையும் நிழல்

நெஞ்சுப் படம் எடுக்கும் அறைக்குள் நுழைந்தவர் அனைவரும் கேட்டிருக்கக்கூடிய கட்டளை ஒன்று உண்டு: 'மூச்சை இழுத்துப் பிடியுங்கள்.' அசைந்தால் படம் கலங்கும் என்பதால் சொல்வது, நியாயமே. ஆனால் நுரையீரலின் தொழிலே அசைவதுதான். சுருங்கி விரிவதற்கென்றே அமைந்த ஓர் உறுப்பை, வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு, அது சரியாக வேலை செய்கிறதா என்று தேடுகிறோம். இந்த விந்தையை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை.

எங்களை எண்ண வைத்தவர் எங்கள் தெருவில் வசிக்கும் அக்கா ஒருவர். திண்டுக்கல்லைச் சுற்றிய சமவெளியில், வேடசந்தூர்ப் பக்கமும் ஒட்டன்சத்திரம் பக்கமும் நத்தம் பக்கமும் நூற்பாலைகள் நிறைந்திருக்கின்றன. விடியுமுன்னே மில் பேருந்துகள் ஊர் ஊராக நின்று பெண்களை ஏற்றிச் செல்லும். அப்படி ஏறி இறங்கியே பல ஆண்டுகளைக் கழித்தவர் அவர். பஞ்சுப் பொதியைப் பிரித்துச் சுத்தம் செய்யும் பிரிவில் வேலை. வார விடுப்பு முடிந்து திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும். மறுநாள் சற்றுத் தேவலை. நாளடைவில் எல்லா நாளும் அந்த முதல் நாள் போலவே ஆகிவிட்டது. எக்ஸ்ரே எடுத்தார்கள். "படத்துல ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து அவர் எங்களிடம் கேட்டார்: "படம் புடிக்கும்போது மூச்சப் புடிச்சுக்கிட்டுத்தானே நின்னேன்? மூச்சு விடறப்பதானே எனக்குக் கஷ்டம்?"

இந்நோய்க்கு மருத்துவம் வைத்த பெயர் பிசினோசிஸ். மெல்லிய துணியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளில் 1950-களில் ரிச்சர்டு ஷில்லிங் இதை ஆராய்ந்தபோது, திங்கட்கிழமை நெஞ்சிறுக்கத்தையே முதல் அடையாளமாகக் கொண்டார். அதாவது தொழிலாளியின் வாய்மொழியை. எக்ஸ்ரேயில் இதற்கெனத் தனி அடையாளம் கிடையாது. நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இந்நோய் இடம்பெற்றிருந்தது. சட்டம் ஏட்டில் இருந்தது. நோயை மெய்ப்பிக்கும் பொறுப்பு மூச்சு வாங்கும் பெண்ணின் தலையில் விழுந்தது.

அசையும் நுரையீரலைப் பார்க்கும் ஆசை எக்ஸ்ரேயின் வயதையே உடையது. ராண்ட்கன் 1895-இல் கதிரைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே பாஸ்டன் மருத்துவர் பிரான்சிஸ் வில்லியம்ஸ், ஒளிரும் திரையில் காசநோயாளிகளின் உதரவிதானத்தைக் கவனித்து, நோயுற்ற பக்கம் குறைவாகவே இறங்குகிறது என்று எழுதினார். பின்வந்த மருத்துவர்கள் கண்ணை இருளுக்குப் பழக்கச் சிவப்புக் கண்ணாடி அணிந்து காத்திருந்து, இருட்டறையில் அந்தத் திரையைப் பார்த்தார்கள். அதற்கு விலையும் இருந்தது. எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி கதிர்வீச்சின் பாதிப்பால் 1904-இல் மாண்டார்.

இன்று அந்தப் பழைய ஆசை வேறு உருவில் திரும்பியிருக்கிறது. ஜப்பானின் கனசாவா பல்கலைக்கழகத்தில் ரியே தனகா முதலியோர் செய்த ஆய்வுகளின் வழியில் வளர்ந்த முறை, நோயாளியை நிறுத்தி இயல்பாக மூச்சுவிடச் சொல்லி, நொடிக்கு 15 படங்கள் வீதம் எடுக்கிறது. சில நொடிகளில் முடிந்துவிடும். காற்று நிறையும் இடம் கருமை கூடும். வெளியேறும் இடம் வெளிறும். அந்த மாற்றத்தைக் கணினி இடம் இடமாகக் கணக்கிடுகிறது. உதரவிதானம் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்பதையும் அளக்கிறது. நலமானவர் நின்றபடி அமைதியாக மூச்சுவிடும்போது வலப்பக்கம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரும், இடப்பக்கம் ஒன்றரை சென்டிமீட்டரும் அசைகின்றன. கோனிகா மினோல்டா நிறுவனத்தின் இவ்வகைக் கருவிக்கு அமெரிக்கா 2019-இல் அனுமதி அளித்தது. ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரியாஸ் ஃபோராஸ், பாய்மங்களின் ஓட்டத்தை அளக்கும் பொறியியல் கணக்கை நுரையீரலுக்குப் பொருத்தினார். அம்முறை 2020-இல் அங்கே அனுமதி பெற்றது.

அக்காவின் கேள்வி அவருடையது மட்டுமன்று. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களிலிருந்து மூச்சுத் திணறலோடு திரும்பிய அமெரிக்க வீரர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2011-இல் வெளியாயிற்று. பெரும்பாலோரின் படங்களில் குறை தெரியவில்லை. 49 பேரின் நுரையீரல் திசுவை வெட்டிச் சோதித்தபோது 38 பேருக்குச் சிறு மூச்சுக்குழல்கள் குறுகியிருந்தன. அவர்கள் சொன்னது உண்மை, போதாமை படத்தினுடையது.

எனினும் கருவியை அளவுக்கு மீறிப் போற்றுவது சரியன்று. காற்று எங்கே குறைகிறது என்று அது காட்டும். குறைத்தது பஞ்சுத்தூசியா, அடுப்புப் புகையா, பழைய காசநோயா என்று சொல்லாது. அதற்கு வாழ்க்கைக் கதையைக் கேட்டாக வேண்டும். வேலைக்கு முன்னும் பின்னும் ஊதவைத்து அளக்கும் ஸ்பைரோமீட்டரோ இன்றும் எளியது, மலிவானது. அக்காவும் பின்னர் ஊதினார். அளவு குறைவாகவே வந்தது. "சரியா ஊதலம்மா, மறுபடி ஊதுங்க" என்றார்கள். மூன்றாம் முறை இருமல்தான் வந்தது. ஊதும் சோதனை ஊதுபவரின் முயற்சியை நம்பியிருப்பதால் சந்தேகத்திற்கும் இடம் தருகிறது. இயல்பாக நின்று மூச்சுவிடுவதை மட்டும் கேட்கும் சோதனையில் அந்தச் சந்தேகத்திற்கு இடம் குறைவு. அதன் பெருமையாக எங்களுக்குத் தோன்றுவது அதுவே.

அக்கா இப்போது மில்லுக்குப் போவதில்லை. மாடிப்படியில் பாதி ஏறி, கைப்பிடியைப் பற்றியபடி சிறிது நிற்பார். அவர் தோள்கள் உயர்ந்து தாழ்வதைக் கீழிருந்தே காணலாம். அதற்குக் கதிர் எதுவும் வேண்டியதில்லை.