நான் போட்ட சாட்சிக் கையெழுத்து

செம்மர வழக்குகளில் நான் மகஜர் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மரம் பிடிபட்டதாக எழுதியிருந்த இடத்தில் நான் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் நான் சொல்லப்போகும் எந்தக் காரணமும் இதை மூடிவிடக் கூடாது.

நான் சித்தூர்க்காரன். வீட்டில் தமிழ், ஆபீஸில் தெலுங்கு. கிராம வருவாய் அதிகாரியாக, அதாவது வி.ஆர்.ஓ.வாக, இருந்து ரிட்டயர் ஆனவன். எங்கள் பக்கத்தில் ஒரு பொருளைப் பறிமுதல் செய்தால் இரண்டு மத்தியவர்த்திகள், அதாவது சாட்சிகள், முன்னிலையில் செய்ததாக அறிக்கை எழுத வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 100ஆவது பிரிவு, சோதனைக்கு முன்பே அக்கம்பக்கத்தில் இருக்கும், எந்தப் பக்கமும் சாராத, மதிப்புள்ள இரண்டு பேரையாவது வரவழைக்கச் சொன்னது. பிடிபட்டவனுக்கு அந்த நேரத்தில் வக்கீல் கிடையாது, சொந்தபந்தம் கிடையாது. அவன் பக்கத்து உண்மைக்காகச் சட்டம் நிறுத்தி வைத்த ஆள் அந்தச் சாட்சி. கோர்ட்டுக்கு அலைய ஊர்க்காரர்கள் பயப்படுவதால் வி.ஆர்.ஓ.வைக் கூப்பிடுவார்கள். அப்படித்தான் என்னையும் கூப்பிட்டார்கள்.

ஒரு நாள் மட்டும் அப்படியே கண்முன் நிற்கிறது. காவல் நிலையத்தில் மேசைமேல் தெலுங்கில் எழுதி முடித்த தாள்கள். காலை எத்தனை மணிக்குக் காட்டுக்குள் போனோம், எத்தனை கட்டைகள், எத்தனை கிலோ, எல்லாம் எழுதியாயிற்று. கடைசியில் என் பெயருக்கு மேல் மட்டும் இடம் காலியாக இருந்தது. சுவரோரம் தரையில் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள், சட்டை இல்லாமல். நான் யாரிடமோ போனில் தமிழில் பேசியதைக் கேட்டு ஒரு பையன் தலை தூக்கினான். ஜவ்வாது மலைப் பக்கம் என்றான். “ஐயா, நீங்க தமிழுங்களா? நாங்க பஸ்ல வந்தோம்யா. பஸ்லருந்து எறக்கிக் கூட்டியாந்துட்டாங்க. மரத்தையே பாக்கலய்யா.”

“கோர்ட்டுல சொல்லிக்கோப்பா” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

கோர்ட்டில் அவன் சொல்லியிருப்பான். அதற்கு எதிராக என் கையெழுத்தும் போய் நின்றது, பிறகு நானே போய் நின்றேன். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டது ஒரே கேள்வி: அந்த இடத்துக்கு நேரில் போனீர்களா? போனேன் என்றேன். தீர்ப்பு என்ன ஆயிற்று என்று நான் விசாரிக்கவில்லை. அதையும் என் குற்றத்தோடு சேர்த்தே எழுதுகிறேன்.

பயந்துதான் செய்தேன் என்று சொன்னால் பாதி உண்மை. மறுத்தால் மெமோ வரும், டிரான்ஸ்பர் வரும். மீதியைச் சொல்லத்தான் நாக்கு கூசுகிறது. மரம் வெட்ட வந்தவர்கள்தானே, இந்தத் தடவை இல்லாவிட்டால் போன தடவை வெட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன். அதோடு, சித்தூர்த் தமிழனுக்கு ஒரு கவலை உண்டு. ஆந்திர-தமிழக எல்லைத் தகராறு தீர்ந்து 1960இல் திருத்தணி அந்தப் பக்கம் போனது, நாங்கள் இந்தப் பக்கம் நின்றோம். “அவன் ஆளுக்கு அவன் பரிந்து பேசுகிறான்” என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று மற்றவர்களைவிட ஒரு படி கூடுதலாகவே நான் விறைத்துக்கொண்டேன்.

பிறகு 2015 ஏப்ரல் 7 வந்தது. சந்திரகிரி அருகே சேஷாசலம் காட்டில் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்த 20 பேரைச் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டுக் கொன்றது. கல்லாலும் கோடரியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் வேறு கதை சொன்னார்கள். பஸ்ஸிலிருந்து இறக்கிக் கூட்டிப் போனார்கள் என்றார்கள். அதை டிவியில் கேட்டபோது எனக்குக் கைகால் ஓடவில்லை. அதே வார்த்தையை நான் காதால் கேட்டு, கோர்ட்டில் சொல் என்று அனுப்பியவன்.

அன்றைக்குச் சட்டத்தில் என்ன குறை இருந்தது? உயிருக்குப் பாதுகாப்புத் தரும் அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு இருந்தது. 2009 பிப்ரவரியில், மனித உரிமை வக்கீல் பாலகோபால் வாதாடிய வழக்கில், ஆந்திர உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், என்கவுன்டர் என்றால் சுட்டவர்மேல் வழக்குப் பதிய வேண்டும், தற்காப்பா இல்லையா என்பதை விசாரணையில் நிரூபிக்கட்டும் என்றார்கள். அதற்கு உச்ச நீதிமன்றம் தடை போட்டது. ஆனால் அதே உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பரில் பி.யூ.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பின் வழக்கில் என்கவுன்டர் சாவுகளை எப்படி விசாரிக்க வேண்டும் என்று 16 கட்டளைகள் கொடுத்தது. அது வந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை, 20 பேர் செத்தார்கள். இதுவரை அதற்காக யாருக்கும் தண்டனை இல்லை.

1943இல் புனேயில் சமூகச் சீர்திருத்தவாதி ரானடே பற்றிப் பேசிய அம்பேத்கர், உரிமைகளைக் காப்பது சட்டமல்ல, சமூகத்தின் மனசாட்சிதான் என்ற கருத்தைச் சொன்னார். பின்னாளில் அரசியலமைப்பு வரைவுக் குழுவுக்கே தலைமை தாங்கிய மனிதர் சொன்னது அது. படித்திருந்தும் அந்தச் ‘சமூகம்’ யார் என்று நான் யோசித்ததில்லை. அந்தக் காவல் நிலையத்தில், அந்த மேசைக்கு முன்னால், சமூகம் என்று இருந்தது நான் ஒருவன்தான்.

அதற்காகச் சட்டம் வெறும் காகிதம் என்று நான் சொல்ல மாட்டேன். திருவண்ணாமலையில் ஆறு குடும்பங்கள் உடல்களை அடக்கம் செய்ய மறுத்து, மறு பிரேதப் பரிசோதனை கேட்டன. இறந்தவர் ஒருவரின் மனைவி கோர்ட்டுக்குப் போனார். சென்னையில் மனுப் போட்டு, அங்கிருந்து ஹைதராபாத் உயர் நீதிமன்றம் வரை போய் உத்தரவு வாங்கினார்கள். கூலி வேலை செய்கிறவர்கள், தெலுங்கு தெரியாதவர்கள். தட்டக் கதவு என்று ஒன்று இருந்ததால் தட்டினார்கள். அந்தக் கதவு சட்டம். துக்கத்தின் நடுவே அங்கே போய் நிற்கும் துணிவு அவர்களுடையது. மாதச் சம்பளமும் பென்ஷனும் உள்ள எனக்கு அந்தத் துணிவு இல்லை. அந்த ஏப்ரலுக்குப் பிறகும் நான் கையெழுத்துப் போட்டேன். ஓய்வு பெறும் வரை போட்டேன்.

2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய சட்டம் பறிமுதலை வீடியோ எடுக்கச் சொல்கிறது. நல்லது. ஆனால் சாட்சியும் கூட நிற்க வேண்டும் என்ற விதி அப்படியே இருக்கிறது. இன்று வேலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: சம்பவ இடத்துக்குக் கூட்டிப் போகாமல் தாளை நீட்டினால், ‘நான் பார்க்கவில்லை’ என்று சொல்லித் திருப்பிக் கொடுங்கள். மெமோ வந்தால் வரட்டும், மெமோவால் யாரும் செத்ததில்லை.

நான் போகாத இடங்களுக்குப் போனதாகச் சொன்னதைத் தெரிந்த ஒரு வக்கீலிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பொய்ச் சாட்சி என்று உங்கள்மேலேயே வழக்கு வரலாம் என்று அவர் எச்சரித்தார். வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.